‘வண்டி இடித்துவிட்டது’ என்கிறீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. தனியார் நிறுவனத்தில் மேலாளர். ஒன்பது நாட்களுக்கு முன் இரவு பத்தரை மணிக்கு நெடுஞ்சாலையில் காரில் தனியாக வரும்போது விபத்து நடந்துவிட்டது. எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் கண் கூசியது. சைக்கிளில் போன பெரியவர் மேல் வண்டி இடித்துவிட்டது. பதற்றத்தில் வண்டி நிற்காமல் வந்துவிட்டது. கொஞ்ச தூரம் தாண்டி 108-க்கு ஃபோன் செய்து இடத்தைச் சொன்னேன்; பெயர் சொல்லவில்லை. அவருக்குத் தொடை எலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறார். ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். எங்கள் டிரைவர் பையன்தான் ஓட்டினான் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட என் மாமனார் ஏற்பாடு செய்கிறார். அதற்காக அவன் மகளின் கல்லூரி ஃபீஸைக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம். 25-ஆம் தேதி கடைசி நாள். ஏழரைச் சனி என்று அம்மா திருநள்ளாறு போய்ப் பரிகாரம் செய்துவிட்டு வந்தார். நான் மகாபாவி, எனக்குத் தூக்கமே இல்லை. பெரியவர் குடும்பத்துக்குப் பெயர் சொல்லாமல் ஒரு லட்சம் அனுப்பிவிட்டால் போதுமா? டிரைவர் ஒப்புக்கொள்வதில் சட்டச் சிக்கல் வருமா?

(நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம். பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சிக்கல் வரும். உங்களுக்கும் வரும், மாமனாருக்கும் வரும், அந்த டிரைவருக்கும் வரும். குற்றம் செய்தவரைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். இன்றைக்கு உங்கள் தலைக்கு மேல் இருப்பது ஒரு சாலை விபத்து வழக்கு. மாமனார் ஏற்பாடு பலித்தால் அது மூன்று பேர் சேர்ந்து போலீஸை ஏமாற்றிய வழக்காகிவிடும்.

ஆள் மாற்றும் வித்தை மோட்டார் வழக்குகளில் ரொம்பப் பழையது. இருபத்தாறு வருடமாக இந்த வழக்குகளில்தான் என் பிழைப்பு. பல தடவை அந்த வித்தை சாட்சிக் கூண்டிலேயே கலைவதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ‘நான்தான் ஓட்டினேன்’ என்று வந்து நின்ற ஒரு டிரைவரிடம், வளைவில் திரும்பும்போது வண்டி எந்த கியரில் இருந்தது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். ‘மூன்றாவது’ என்றார் அவர், தயங்காமல். அந்தக் கார் ஆட்டோமேட்டிக். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்த மனிதர் தன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கட்சிக்காரர்கள் எழுதித் தருவதைப் பென்சிலும் கையுமாகப் படிப்பது என் பழக்கம். உங்கள் கடிதத்தில் ‘நான்’ என்ற சொல்லுக்குக் கீழெல்லாம் கோடு போட்டேன். நிறையவே இருக்கின்றன. நான் துடித்தேன், நான் தூங்கவில்லை, நான் சாப்பிடவில்லை, நான் என்ன செய்வேன், நான் மகாபாவி. ஆனால் அந்தப் பத்தரை மணிக்கு வரும்போது ‘நான்’ காணாமல் போய்விடுகிறது. விபத்து நடந்தது. கண் கூசியது. வண்டி இடித்துவிட்டது. வண்டி நிற்காமல் வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் ‘கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது’ என்றுகூட ஒரு வரி இருக்கிறது. யாருடைய கால் என்று நானே யூகித்துக்கொண்டேன். அந்த நிமிடத்தில் ‘நான்’ செய்ததாக நீங்கள் எழுதியிருக்கும் ஒரே காரியம் 108-க்கு ஃபோன் செய்தது.

இதை உங்களைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. நம் மொழியே இதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது. டம்ளரைக் கீழே போட்ட குழந்தை ‘உடைந்துவிட்டது’ என்றுதான் சொல்லும். ‘உடைத்துவிட்டேன்’ என்று சொல்ல அதற்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். பால் பொங்கிவிட்டது, பணம் செலவாகிவிட்டது, வார்த்தை வந்துவிட்டது. ‘உடைந்து’வில் ‘ந்’ போய் ‘த்’ வந்தால் ஆள் அகப்பட்டுக்கொள்வார். அந்த ஒற்றெழுத்தைத்தான் எல்லோரும் முழுங்கிவிடுகிறோம். ‘மகாபாவி’ என்ற சொல்லும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. ‘நான் இடித்தேன், நிறுத்தவில்லை’ என்பது மூன்றே சொற்கள். அவற்றைச் சொல்வதைவிட ‘மகாபாவி’ என்று சொல்லிவிடுவது சுலபம். மகாபாவியை எந்த ஸ்டேஷனிலும் வாக்குமூலம் கேட்க மாட்டார்கள்.

எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது என்றும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன், ஒரு இழப்பீட்டு வழக்கின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. அதற்குச் சட்டம் தரும் அவகாசம் 90 நாள். நான் வழக்குக் கட்டை என் வீட்டு மேஜையிலேயே வைத்துக்கொண்டு, நாளை நாளை என்று தள்ளி, நாளைத் தவறவிட்டேன். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் என்ன எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். ‘அலுவலகக் குமாஸ்தாவின் கவனக்குறைவால் இந்தக் கட்டு, முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளோடு கலந்துவிட்டது.’ நானும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனுவைத் தாக்கல் செய்யக் கொண்டு போக வேண்டியவரும் அதே குமாஸ்தாதான். அவர் படித்துப் பார்த்துவிட்டு, ‘சார், இந்தக் கட்டு என் மேஜைக்கு வரவே இல்லையே’ என்றார். ‘சும்மா ஒரு சம்பிரதாயம்தான், போய்ப் போட்டுவிட்டு வாருங்கள்’ என்றேன். போட்டுவிட்டு வந்தார். தாமதம் மன்னிக்கப்பட்டது, மேல்முறையீடு எண்ணிடப்பட்டது, கட்சிக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என் அறைக்குள் வந்து உட்கார்ந்து பேசவில்லை. எதுவானாலும் கதவருகில் நின்றே சொல்லிவிட்டுப் போவார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. ‘விடுங்கள் சார், எல்லோரும் எழுதுவதுதானே’ என்றார். இன்றுவரை அந்தப் பதில் எனக்கு உறுத்துகிறது.

அதனால் உங்கள் டிரைவர் விஷயத்தை என்னால் சும்மா விட முடியவில்லை. அவருக்குக் கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். அவரைப் ‘பையன்’ என்கிறீர்கள், ‘அவன்’ என்கிறீர்கள். அவர் ஒப்புக்கொண்டார் என்பதற்கு நீங்கள் தரும் ஆதாரம் ‘அவன் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை’ என்ற ஒரே வரி. உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர் உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் மாமனார் எதிரில் நின்றுகொண்டு மறுத்து என்ன சொல்லியிருக்க முடியும்? அவர் கையில் இருக்கும் ஒரே சொத்து லைசென்ஸ். ஒரு விபத்து வழக்கு அவர் பெயரில் ஏறினால் நாளைக்கு அடுத்த முதலாளி அவரை வேலைக்கு எடுக்க யோசிப்பார்.

இப்போது பணத்துக்கு வருவோம். நீங்கள் கவனிக்காமல் விட்டது இங்கேதான் இருக்கிறது. இடித்த வண்டி எது என்று தெரியாமலே போனால் அந்தப் பெரியவருக்குக் கிடைக்கக்கூடியது, மோதிவிட்டுத் தப்பிய வாகன விபத்துகளுக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் திட்டத்தின் தொகைதான். 2022 ஏப்ரல் முதல் அது உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் பலத்த காயத்துக்கு வெறும் 12,500. தொடை எலும்பு முறிந்த முதியவருக்கு ஐம்பதாயிரம் எத்தனை நாளைக்குக் காணும்? முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து அரசுத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அறுவைக்கும் காசு இல்லை. அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கு அவர் எங்கே போவார்?

வண்டி இன்னது என்று தெரிந்தால் கதையே வேறு. அவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மருத்துவச் செலவு, நின்றுபோன வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, கூட இருந்து பார்த்துக்கொண்ட ஆளுக்கு ஒரு தொகை, சத்தான ஆகாரத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவுக்கு, கால் பழையபடி ஆகாவிட்டால் நிரந்தர ஊனத்துக்கு என்று தனித்தனியாகக் கணக்குப் போடுவார்கள். இதைக் கொடுக்கப்போவது உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி. வருடாவருடம் நீங்கள் கட்டும் பிரீமியத்தில் மூன்றாம் நபருக்கான காப்பீடு இதற்காகவே கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் நபரின் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது. உங்கள் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாமல் அவருக்கு வந்து சேர வேண்டிய பணத்தை, உங்கள் மௌனம் ஒன்பது நாளாகத் தடுத்து வைத்திருக்கிறது. நீங்கள் பெயர் சொல்லாமல் அனுப்ப நினைக்கும் ஒரு லட்சம் அதற்கு ஈடாகுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: 2022 ஏப்ரலிலிருந்து இந்த மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தில் கெடு சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெரியவரின் நாட்காட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

மாமனாரிடம் இதையும் சொல்லுங்கள். ஆள் மாற்றியது தெரிந்தால் முதலில் கண் விழிப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிதான். பணம் தராமல் தட்டிக்கழிக்கக் காரணம் தேடுவதற்கே அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு.

உங்கள் பங்குக்குச் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, இடித்த வண்டியின் டிரைவர் காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கூட்டம் அடிக்க வரும், மற்றபடி தன் கையில் இல்லாத காரணம் என்றால் அங்கேயே நின்று உதவாமல் போனதற்கு விலக்கும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. நம் ஊர் சாலைகளை அறிந்தவர்கள் எழுதிய சட்டம்தான் அது. ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் கூட்டமே இல்லை; பத்தரை மணி, பொட்டல், ஒரு லாரி, ஒரு சைக்கிள். ஸ்டேஷனுக்குப் போக எந்தக் கூட்டமும் உங்களைத் தடுக்கவும் இல்லை. அந்த 24 மணி நேரம் தாண்டிவிட்டது. அதற்குத் தண்டனை 187-ஆவது பிரிவில்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவாகப் பலத்த காயம் ஏற்படுத்தியதற்கு நியாய சன்ஹிதா 125(பி): மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் இது. இடித்துவிட்டு ஓடினால் பத்து வருடம் என்று மாமனார் பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அது உயிரிழப்புக்கானது, 106-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. லாரி டிரைவர்கள் 2024 ஜனவரியில் அதை எதிர்த்துத்தான் ஸ்டிரைக் செய்தார்கள். 2024 ஜூலை 1-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

சிறைக்கே போக மாட்டீர்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. தாமாக வந்து சொன்னவரையும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவரையும் நீதிபதிகள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்வேன். பிடிபட மாட்டோம் என்று நினைக்காதீர்கள். பெயர் சொல்லாமல் ஃபோன் செய்தீர்கள், எண் பதிவாகியிருக்கும். சுங்கச் சாவடியில் ஃபாஸ்டேக் நேரத்தோடு காட்டிக்கொடுக்கும். உடைந்த ஹெட்லைட் கண்ணாடி அந்த இடத்தில் கிடந்திருக்கும். காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு டிங்கர் வேலை பார்த்தாகிவிட்டதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பார்க்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. பார்த்தாகிவிட்டது என்றால் அதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

திருநள்ளாறு போய்வந்த உங்கள் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஒன்று என்றால் எந்தத் தாயும் போவாள். எள் தீபம் போட்டதில் அவருக்கு ஆறுதல் கிடைத்தால் கிடைக்கட்டும். எனக்கு நினைவுக்கு வருவது வேறொரு பரிகாரம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எல்லோரும் அந்த அப்பாவைத்தான் நினைக்கிறார்கள். நான் பிள்ளையை நினைப்பேன். அதுவும் ஒரு சாலை விபத்துதானே. பெரியபுராணத்தில் கன்று தேர்க்காலில் அகப்பட்டதைக் கண்டதும் அந்த இளவரசன் சொல்வது, இங்கே ஓர் அபாயம் வந்துவிட்டதே என்றுதான். உங்கள் வண்டி ‘இடித்துவிட்ட’ மாதிரியேதான். அடுத்து அவனுக்கு வரும் யோசனை என்ன தெரியுமா? அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே, மறையவர்களைப் பார்த்துப் பரிகாரம் கேட்டு முடித்துவிடலாம் என்பது! ஆனால் ஒன்று. அந்தப் பிள்ளை தேரிலிருந்து இறங்கினான்.

நீங்கள் இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்திரிகையில் பதில் எழுதுகிறவனை நம்பிப் போகாதீர்கள். குற்றம் சாட்டப்படக்கூடியவருக்கு மௌனமாக இருக்கும் உரிமையை அரசியல் சாசனம் கொடுத்திருக்கிறது. எதை எப்படிச் சொல்வது என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அசல் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போங்கள். எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து மாமனார் ஃபோன் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பார், வேண்டாம்.

உண்மையைச் சொல்வதென்றால் எல்லாப் பழியையும் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வது என்று அர்த்தமில்லை. லாரி டிரைவர் வெளிச்சத்தைத் தாழ்த்தவில்லை என்பது உண்மையானால் சொல்லுங்கள். சைக்கிளில் பின்னால் சிவப்பு வில்லை இல்லை என்பதும் உண்மையானால் சொல்லுங்கள். யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கோர்ட்டின் வேலை, அது தினமும் நடக்கிறது. உங்கள் பங்கை நீங்கள் குறைக்காமல் சொன்னால் போதும். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘அப்போது ஃபோன் வந்தது, எடுக்கவில்லை, யார் என்று மட்டும் பார்த்தேன்.’ அடைப்புக்குறியை எடுத்துவிட்டு அந்த வரியை உங்கள் வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள்.

பெரியவரைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டேஷனில் சொல்வதற்கு முன்னால் வேண்டாம். சாட்சியைக் கலைக்க வந்தீர்கள் என்று ஆகிவிடும். சொன்ன பிறகு, வக்கீல் சரி என்றால், போங்கள். பழக்கூடை வேண்டாம். அவர் மகன் ஒருவேளை கத்துவார். கத்தி முடிக்கும்வரை நின்றுகொண்டிருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவே, டிரைவருக்கு ஃபோன் செய்யுங்கள். மாமனார் செய்யக் கூடாது, நீங்கள் செய்யுங்கள். ‘நான்தான் ஓட்டினேன், நானே போய்ச் சொல்கிறேன், நீங்கள் எங்கேயும் வர வேண்டாம்’ என்று சொல்லுங்கள். ‘நீங்கள்’ என்றே சொல்லுங்கள். அவருக்கும் ஒரு வாரமாகத் தூக்கம் இருந்திருக்காது. அவர் உடனே ஃபீஸை நினைப்பார், ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டார். சம்பள முன்பணம் என்று கணக்கில் எழுதி, வேறு எந்தப் பேச்சும் இல்லாமல் அந்தத் தொகையைக் கொடுத்துவிடுங்கள். 25-ஆம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.